சுகிர்தாவுக்கு ஊர் சுத்திக் காட்டினேன்

பெல்ட்டப் போட்டுக்கிடுங்க சார். களியக்காவிளை தாண்டிட்டா கேரளாக்காரன் வரிசையா கேமரா வச்சிருக்கான். நேரம் நெறய கெடக்கு, பயப்படாதீங்க. தக்கலையில கொஞ்சம் நிக்கும், மார்த்தாண்டத்துல கொஞ்சம் நிக்கும், அம்புட்டுதான். உங்கள ஏர்போர்ட்டுக்குள்ள தள்ளிட்டுத்தான் நான் திரும்புவேன்.

தோஹாவுக்குத்தான போறீங்க? டிராவல்ஸ்ல சொன்னாங்க. மகன் இருக்கானா? கொள்ளாம். மொத தடவையா?

நானும் போயிருக்கேன் சார். ஆமா, என்னெப் பாத்தா தெரியாது. போன பிப்ரவரியில ஒரு மாசம். சும்மா, ஊர் பாக்கதுக்கு. ஊர் காட்டுறதுதான என் தொழிலு? இந்த வண்டியில வடநாட்டு ஆளுங்கள ஏத்திக்கிட்டு, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, கன்னியாகுமரின்னு வருஷக்கணக்கா காட்டிட்டிருக்கேன். ‘சாம்னே தேக்கியே, தீன் சமுந்தர்’, அதான், முன்னால பாருங்க மூணு கடல்னு இந்தியில தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். டென்னிசன்னு கேட்டா கன்னியாகுமரியில எந்த லாட்ஜுலயும் தெரியும். அப்படிப்பட்டவன் போய் இன்னொரு ஊர்ல ஈன்னு நின்னு பாத்தது அதுதான் மொத தடவ.

எம்பொஞ்சாதி அங்க நர்ஸா இருக்கா சார். சுகிர்தா. மக ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது போனவ. இப்ப மக கோயம்புத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா. பாத்துக்கிடுங்க, எவ்வளவு காலம்னு. வருஷத்துக்கு ஒரு மாசம் வருவா. அந்த ஒரு மாசமும் கல்யாண வீடு, துட்டி வீடு, பல் டாக்டர், ஆதார் கார்டு. நம்ம வீட்டுல உக்காந்து ஒரு சாயா நிம்மதியாக் குடிச்சிருப்பாளான்னு கேட்டா, இல்ல. அவ வாறது டிசம்பர், ஜனவரி, எனக்கு அது சீசன். ஐயப்ப சாமிமாரு கூட்டம் வேற. நான் காலையில போனா ராத்திரி வருவேன்.

மகளும் ஹாஸ்டலுக்குப் போன பெறகு வீட்டுல நான் ஒத்தையாள் சார். மாடி வீடு. கீழ ஒரு ரூம்ல லைட்டப் போட்டா மத்த ரூமெல்லாம் இருட்டாக் கெடக்கும். ஒரு ஆளுக்கு எத்தன லைட்டு போட? அதனால நான் சுகிட்ட சொன்னேன், ‘போதும், வந்துரு. வீடு கட்டியாச்சு, மகளும் காலேஜுக்குப் போயிட்டா.’ அவ, ‘பாப்போம் அத்தான்’னுவா. அடுத்த மாசம் கேட்டா, ‘பாப்போம் அத்தான்.’ அப்புறம் ஒரு நாள் அவளாவே சொன்னா, ‘நீங்க ஒரு தடவ இங்க வந்து பாருங்களேன். டிக்கெட் நான் போடுதேன்.’

நான் என்ன நெனப்பேன்? நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க? ஊரச் சுத்திக் காட்டப் போறான்னுதான. அந்த ஊர நான் போன்ல பாத்திருக்கேன், கண்ணாடிக் கட்டடமா நிக்கும், ராத்திரியில கலர் கலரா எரியும். இம்புட்டு வருஷமா அதுக்குள்ளதான் இருக்கா. சொகமா இருக்கா, அதான் வரமாட்டேங்கான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. சரி, போய்ப் பாத்து, கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு கெளம்பினேன்.

ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தா. சார், ஆளு சின்னதாயிருந்தா. ஊருக்கு வரும்போது அப்படித் தெரியாது, அங்க அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு முன்னால, உயரம் உயரமா ஆளுங்க போற எடத்துல, ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு கையில ஒரு தண்ணி பாட்டிலோட நிக்கா. ‘சாப்பிட்டீங்களா அத்தான்?’னு கேட்டா. பிளைட்டுல குடுத்தான்னு சொன்னேன். டாக்ஸியில ஏறினோம்.

அவ தங்கியிருக்க ஹாஸ்டல்ல ஆம்பளைங்க தங்க முடியாது. கூட வேல பாக்க கோட்டயத்துக்காரி ஒருத்தி குடும்பத்தோட லீவுல ஊருக்குப் போயிருந்தா, அவ வீட்டுல ஒரு ரூம சுகி கேட்டு வாங்கி வச்சிருந்தா. சின்ன ரூம். ஜன்னலத் தெறந்தா எதுத்தாப்புல இன்னொரு ஜன்னல். நான் கேட்டேன், ‘கடல் எந்தப் பக்கம்?’ ‘இங்கனதான் எங்கயோ’ன்னா.

மறுநாள் காலையில முழிச்சா ஆளக் காணோம். டூட்டிக்குப் போயிட்டா. மேசையில சோறு, வெளமீன் கொழம்பு, வீட்டுச் சாவி, பக்கத்துல ஒரு ரயில் கார்டு. அதுவும் யார்ட்டயோ கேட்டு வாங்கினது. போன் பண்ணினேன். ‘போய்ச் சுத்திப் பாத்துட்டு வாங்க அத்தான். ரயிலு நல்லா இருக்கும்னு சொல்லுதாங்க. சூக் வாகிஃப்னு ஒரு கடைத்தெரு இருக்காம், அங்க எறங்குங்க’ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. கடல் தாண்டி வந்தவன ‘போய்ப் பாத்துட்டு வா’ன்னு சொன்னா எப்படி? நம்ம வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தா அப்படியா விடுவோம்?

சரின்னு கெளம்பினேன். அந்த ரயில்ல நீங்க ஏறிப் பாக்கணும் சார். டிரைவரே கெடையாது. சத்தியமா. கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா, சீட்டும் இல்ல, ஆளும் இல்ல, வெறும் தண்டவாளம் ஓடிக்கிட்டிருக்கு. முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன், ஆளில்லாத வண்டியில என்ன நம்பிக்கையில உக்கார? நின்னுக்கிட்டே போனேன். ஒவ்வொரு வளைவுக்கும் என் கால் தன்னால பிரேக்கத் தேடுது. பக்கத்துல ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு என் கால பாத்துச் சிரிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

கடைத்தெரு கொள்ளாம். மண்ணு பூசின மாதிரி சுவரு, மரக்கட்ட நீட்டிக்கிட்டிருக்கு, பழசு மாதிரி கட்டி வச்சிருக்கான். குங்குமப்பூ, பேரீச்சம்பழம், தட்டு நெறய சாம்பிராணி. ஒரு சந்துல முழுக்க ராஜாளிக் கடை. பருந்து மாதிரி இருக்கும், கண்ணுல தோல் தொப்பி மாட்டி, வரிசையா உக்கார வச்சிருக்கான். கடைக்காரன் மலப்புறத்துக்காரன். ‘கண்ண ஏன் மூடியிருக்க?’ன்னேன். ‘இல்லன்னா சத்தம் கேட்டு மிரளும் சேட்டா’ன்னான். அந்தப் பறவைக்குத் தனியா ஆஸ்பத்திரி இருக்கு சார், அதே தெருவுல. எனக்குச் சிரிப்பு. உடனே, ‘இங்க பாருங்க, பருந்துக்கு ஆஸ்பத்திரி!’ன்னு திரும்பினேன். யாரும் இல்ல. ஒரு சுவருதான் இருந்துச்சு.

அதுதான் சார் கஷ்டம். நான் தனியா எதையும் பாத்துப் பழகினவன் இல்ல. பத்துப் பேரு பின்னால இருப்பான், நான் கையக் காட்டுவேன், அவன் ‘ஆஹா’ம்பான். அந்த ஆஹா கேட்டாத்தான் எனக்கே அந்த எடம் கண்ணுல தெரியும். இங்க எதப் பாத்தாலும் பாதிதான் பாத்த மாதிரி. மியூசியம் போனேன், கடலுக்குள்ள படி படியாக் கட்டி வச்ச வெள்ளைக் கட்டடம். உள்ள பழைய தட்டு, பழைய கத்தி, யானை உசரத்துக்கு ஜன்னல். ஒரு பெஞ்சுல உக்காந்து அந்த ஜன்னல் வழியா தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தேன். காவலுக்கு நின்ன ஆப்பிரிக்காக்காரன் ரெண்டு தடவ வந்து, ‘ஓகே, அங்கிள்?’னு கேட்டான். ‘ஓகே’ன்னேன். அன்னைக்கு முழுக்க என்கிட்ட பேசினது அவன் ஒருத்தன்தான்.

கடற்கரை ரோடு ஒண்ணு இருக்கு, கார்னிஷ்னுவாங்க. நீளமா, வளைஞ்சு போகும். அந்தக் கரையில கண்ணாடிக் கட்டடம் கூட்டமா நிக்கும். கடலு... கடல்னு சொல்லுதாங்க, ஆனா அலையே இல்ல சார். குளம் மாதிரி கெடக்கு. நம்ம ஊர்க் கடலப் பாத்தவனுக்கு அது ஒறங்குற மாதிரி இருக்கும். தெனமும் அங்க போய் நடந்தேன். ரோடு கூட்டுற வங்காளி ஒருத்தன் என்னெ போட்டோ எடுத்துக் குடுப்பான். அத மகளுக்கு அனுப்புவேன். நாலஞ்சு நாள் கழிச்சு மக கேட்டா, ‘அப்பா, அம்மா எங்க? எல்லாத்துலயும் நீங்க மட்டும் நிக்கீங்க.’ நான் சொன்னேன், ‘ஒங்கம்மாகிட்ட கேளு.’

சாயங்காலம் வருவா. ஏழு மணி ஆகும், சில நாள் எட்டாகும். செருப்பக் கழட்டிட்டு கட்டில்ல ஓரமா உக்காருவா. காலு வீங்கியிருக்கும். நான், ‘இன்னைக்கு என்ன பாத்தேன் தெரியுமா?’ன்னு ஆரம்பிப்பேன். ‘ம்’ம்பா. நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். திரும்பிப் பாத்தா, உக்காந்தபடியே ஒறங்குதா. நீங்களே சொல்லுங்க, ஒரு மனுசனுக்கு எப்படி இருக்கும்? இங்க இருந்தா போன்லயாவது ‘ம்’ கேக்கும்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. நான் காலையிலேயே குளிச்சு, அயர்ன் பண்ணின சட்டையப் போட்டு, சென்ட்டு அடிச்சு, நாற்காலியில உக்காந்துட்டேன். அவ எந்திக்கல. ஒன்பது ஆச்சு, பத்து ஆச்சு. பக்கத்துப் பள்ளிவாசல்ல மத்தியானத் தொழுகைக்கு பாங்கு சொன்னான், அப்பத்தான் முழிச்சா. நான் சட்டையோட உக்காந்திருக்கதப் பாத்து, ‘எங்கயாவது போணுமா அத்தான்?’னு கேட்டா. ‘ஒண்ணும் இல்ல’ன்னேன். எந்திச்சு ஒரு வாரத்துக்கு கொழம்பு வைக்க ஆரம்பிச்சா. துணி தொவைச்சா. அப்புறம் நான் மட்டும் கார்னிஷுக்குப் போனேன். அந்த வங்காளிக்கும் அன்னைக்கு லீவு போல, ஆளக் காணோம்.

இந்த லாரிக்காரன் வழி விடமாட்டான் போலிருக்கு. இருங்க... ம், போயிட்டான்.

அடுத்த வாரம் ஒரு நாள் நான் நேரா ஆஸ்பத்திரிக்கே போயிட்டேன். ‘நீ கூட்டிட்டுப் போகல, நானே வந்துட்டேன்’னு சொல்லலாம்னுதான். கீழ பெரிய ஹால், சோபா போட்டிருக்கான், அங்க ஒரு தூணோரமா உக்காந்திருந்தேன். லிஃப்ட் தெறந்துச்சு. சுகிர்தா ஒரு சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு வாறா. நாற்காலியில வெள்ள அங்கி போட்ட ஒரு அரபிக் கெழவர். ரொம்ப வயசானவரு. அவரு என்னமோ கேக்காரு, இவ குனிஞ்சு பதில் சொல்லுதா. அரபியில சார்! கடகடன்னு. நான் எம்பொஞ்சாதி வாயில அந்தப் பாஷையக் கேட்டதே இல்ல. அவரு திரும்ப என்னமோ சொன்னாரு, இவ தலையப் பின்னால சாய்ச்சு சிரிச்சா பாருங்க. பல்லெல்லாம் தெரிய. சார், அந்தச் சிரிப்ப நான் கல்யாணமான புதுசுல பாத்தது. அது இன்னும் இருக்குன்னே எனக்குத் தெரியாது.

நான் எந்திக்கல. தூணுக்குப் பின்னால இருந்துட்டு, அவ போன பெறகு வெளிய வந்துட்டேன். ரயில்ல போகாம நடந்தே ரூமுக்குப் போனேன். வழி தெரியாம ரொம்ப நேரம் சுத்தினேன்.

அன்னைக்கு அவ வந்ததும் கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். ‘அந்தக் கெழவன்ட்ட அப்படிச் சிரிச்சியே, என்ன சொன்னான்?’ அவளுக்கு மொதல்ல வெளங்கல. நான் வந்து பாத்ததச் சொன்னேன். அவ செருப்பக் கழட்டிக்கிட்டே சொன்னா: ‘அவரு தெனமும் கேப்பாரு அத்தான், சாப்பிட்டியான்னு. இல்லன்னு சொன்னா, என் மருமவ அனுப்பின கஞ்சி இருக்கு, நீ குடி, அவ என்னெக் கொல்லத்தான் அத அனுப்புதாம்பாரு.’

‘இதுக்கா சிரிச்ச?’

‘ஆமா’ன்னா. ‘சாப்பிட்டியான்னு கேக்க ஆள் இருக்காருல்லா.’

அது எனக்குப் பிடிக்கல சார். நான் கேக்க மாட்டனா? கேப்பேன். போன்ல... சில நேரம் வேற பேச்சு வந்துரும். மகளுக்கு பீஸ் கட்டணும், மாடியில ஒழுகுதுன்னு. அதெல்லாம் சொல்லி முடிக்கதுக்குள்ள அவளுக்கு டூட்டி நேரம் வந்துரும். நான் என்ன செய்ய?

சரி, விடுங்க. அந்த வாரம் நான் கண்டிச்சுச் சொல்லிட்டேன், ‘வர்ற வெள்ளிக்கிழம நீ என்கூட வாற. நீ ஒறங்கினாலும் சரி, தூக்கிட்டுப் போவேன்.’ அவ என்னெ ஒரு மாதிரி பாத்தா. ‘சரி’ன்னா.

வெள்ளிக்கிழம நான் முழிக்கும்போது அவ குளிச்சு, ஒரு ரோஸ் கலர் சேலை கட்டி, தலைய வாரிட்டு நிக்கா. அந்தச் சேல நான் பாத்ததே இல்ல. ‘எப்ப எடுத்தது?’ன்னேன். ‘போன ஈஸ்டருக்கு முந்தின ஈஸ்டருக்கு. கட்டதுக்கு ஒரு எடம் வரல’ன்னா.

ஸ்டேஷனுக்குப் போனோம். நான் பின்னால வாறேன், அவ முன்னால போறா, ஊர்க்காரியில்லா, வழி காட்டட்டும்னு. படி எறங்கினதும் நின்னுட்டா. கார்ட எங்க வைக்கணும்னு தெரியல. கம்பி கதவுக்கு முன்னால நின்னு கையில வச்சுக்கிட்டு முழிக்கா. பின்னால ஆளு சேருது. நான் வாங்கி வச்சுக் காட்டினேன், கதவு தெறந்துச்சு. உள்ள போனதும், ‘எந்தப் பக்கம் அத்தான்?’னு கேட்டா.

நான் சிரிச்சுட்டேன் சார். வாய் விட்டுச் சிரிச்சேன். ‘ஏ சுகி, நீ இந்த ஊர்லதான் இருக்க?’

‘எங்களுக்கு ஆஸ்பத்திரி பஸ்ஸு உண்டுல்லா’ன்னா. ‘ஹாஸ்டல்ல ஏத்தும், ஆஸ்பத்திரியில எறக்கும். ஆஸ்பத்திரியில ஏத்தும், ஹாஸ்டல்ல எறக்கும். சாமான் வாங்க ஹாஸ்டலுக்குக் கீழயே கடை இருக்கு. ஞாயித்துக்கெழம டூட்டி இல்லன்னா சர்ச்சுக்கும் வேன் வரும்.’

‘கார்னிஷ் பாத்ததில்ல?’

‘பஸ் ஜன்னல்ல ஒரு தடவ. ரோட்டுல என்னமோ வேல நடந்துன்னு அன்னைக்கு அந்த வழியா விட்டான்.’

பாத்துக்கிடுங்க சார். இத்தன வருஷம்! நான் ரெண்டு வாரத்துல ஊரையே அளந்துட்டேன். எனக்கு மனசுக்குள்ள ஒரே பெருமை. இப்படி ஒருத்தி உண்டுமா? ஊருக்கு வந்ததும் எங்க டிரைவர்மாருட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். ஒருத்தன் மட்டும் சிரிக்கல, அவன் ஒரு மாதிரி ஆளு.

அன்னைக்கு நான் காட்டினேன் பாருங்க! ஒரு எடம் விடல. ‘ரைட் சைடுல பாருங்க மேடம், டிரைவர் இல்லாத ரயில்.’ ‘லெஃப்ட்ல பாருங்க மேடம், பருந்து ஆஸ்பத்திரி.’ எனக்குத் தெரியாத எடத்துக்கெல்லாம் நானா கதை அடிச்சு விட்டேன். முட்டை மாதிரி ஒரு கட்டடம் நிக்கும், அது ஒரு ராஜா பொஞ்சாதிகூட சண்ட போட்டுட்டு தனியா இருக்கக் கட்டினதுன்னேன். அவ நம்பலன்னு எனக்குத் தெரியும். ஆனா ‘ஆஹா’ன்னா சார். சுற்றுலா வந்தவ மாதிரியே கேள்வி கேக்கா. ‘இது எப்ப கட்டினது கைடு சார்?’ ‘இங்க மாங்கா பத்தை கெடைக்குமா கைடு சார்?’ அரபி சாயா வாங்கிக் குடுத்தேன், ஏலக்காயும் பாலும் கட்டியா இருக்கும், அத ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு குடிச்சா. மொகத்துல வெயிலு. வயசு கொறஞ்ச மாதிரி இருந்தா.

சாயங்காலம் கார்னிஷ்ல மரப்படகு இருக்கும், சுத்திக் காட்டுவான். ஏறினோம். நாங்களும் ஒரு குஜராத்தி குடும்பமும்தான். படகு நகர்ந்ததும் என் கையப் புடிச்சுக்கிட்டா. ‘பயமா?’ன்னேன். ‘மொத தடவ போட்டுல ஏறுதேன்லா’ன்னா.

‘நம்ம ஊர்ல போட்டு இல்லியா? கன்னியாகுமரியில பாறைக்கு தெனமும் ஓடுதே.’

‘ஓடுது. நீங்க மத்தவங்களுக்குத்தான டிக்கெட் எடுத்துக் குடுப்பீங்க.’

சீசன்ல எனக்கு நேரம் எங்க சார்? சவாரிய விட்டுட்டுப் பொஞ்சாதியக் கூட்டிட்டு நான் கியூவுல நிக்க முடியுமா? அவளுக்கும் அது தெரியும். சும்மா சொன்னா.

நடுக்கடலுக்குப் போனதும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல ஒண்ணொண்ணா வெளக்கு எரிய ஆரம்பிச்சுது. அவ கேட்டா, ‘இதுல எங்க ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் அத்தான்?’ நான் கையக் காட்டினேன். அந்தப் பக்கமே ரொம்ப நேரம் பாத்தா. இங்கருந்து ஒண்ணும் தெரியாது, அது உள்ள தள்ளி இருக்கு. அப்பத்தான் நான் பேச்ச எடுத்தேன். நேரம் நல்லா இருக்கு, ஆளும் சந்தோஷமா இருக்கா, இப்பச் சொன்னா கேப்பான்னு. ‘சுகி, போதும். எழுதிக் குடுத்துட்டு என்கூட வந்துரு.’

அவ தண்ணியப் பாத்துக்கிட்டே சொன்னா. ‘எங்க ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்காங்க. நான் உங்களுக்காகச் சொல்லி வச்சிருக்கேன். குடும்பத்துக்கு வீடும் குடுப்பாங்க. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். வந்துருங்க அத்தான். நாம ரெண்டு பேரும் இங்க இருப்போம்.’

நீங்க சொல்லுங்க சார். சொந்த வண்டி வச்சிருக்கவன் நான். பொஞ்சாதி வேல பாக்க எடத்துல, பொஞ்சாதிக்குக் கீழ, பொஞ்சாதிய காலையில ஏத்தி சாயங்காலம் எறக்குறதா? ஊர்ல ஒருத்தன் என்னெ மதிப்பானா? அதத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல, குஜராத்திக்காரன் திரும்பிப் பாத்தான்.

‘சரி, நான் வாறேன்’னா அவ. ‘வந்து?’

‘வந்துன்னா? வீட்டுல இரு.’

‘வீட்டுல நீங்க எப்ப இருப்பீங்க?’

‘சீசன் இல்லாதப்ப இருப்பேன்.’

‘அது எப்ப?’ன்னா.

யோசிச்சுப் பாத்தேன். மழைக்காலம்னு சொன்னேன். மழைக்காலம்னு சொல்லும்போதே எனக்கு நெனப்பு வந்துட்டு, அப்ப அருவியில தண்ணி நெறய விழும், அதுக்கும் கூட்டம் வரும். அவ கைய மெதுவா எடுத்துக்கிட்டா, சேலைத் தலைப்பு காத்துல பறந்துச்சு, அத இழுத்து மடியில வச்சுப் புடிச்சிக்கிட்டா. அப்புறம் ஒரு கட்டடத்தக் காட்டி, ‘அந்தப் பச்ச வெளக்கு என்ன கைடு சார்?’னு கேட்டா. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லிட்டேன்.

படகு கரைக்கு வந்துட்டு. திரும்பும்போது ரயில்ல கார்ட அவளே வச்சா.

மிச்ச நாள் எப்படியோ போச்சு. சண்ட ஒண்ணும் இல்ல சார். சோறு வச்சா, கொழம்பு வச்சா, என் பெட்டியில பேரீச்சம்பழம், மகளுக்கு கிரீம், எங்க அண்ணன் பிள்ளைகளுக்குச் சட்டை எல்லாம் அடுக்கினா. நான் கெளம்புற அன்னைக்கு அவளுக்கு மத்தியான டூட்டி. நான் ரயில்லயே ஏர்போர்ட்டுக்குப் போயிருதேன்னு சொன்னேன், ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தா. பிளாட்பாரத்துல ரெண்டு பக்கமும் ரயிலு. என் ரயிலு மொதல்ல வந்துட்டு. ‘சாப்பிட்டுட்டு ஒறங்குங்க. லைட்ட எல்லாம் அணைச்சுட்டு இருக்காதீங்க’ன்னா. கதவு மூடிட்டு. நான் கண்ணாடி வழியாப் பாத்தேன். எதுத்த பிளாட்பாரத்துக்குப் போறா. யார்ட்டயும் கேக்கல, போர்டையும் பாக்கல. நேரா போறா. திரும்பிப் பாப்பான்னு நெனச்சேன். அவ ரயிலுக்கும் நேரமாயிருக்கும்.

நெய்யாற்றின்கரை வந்துட்டு சார், இனி அர மணி நேரம்தான். தண்ணி வேணுமா? சீட்டுக்குப் பின்னால பாட்டில் இருக்கு.

இப்பவா? இப்ப அங்கதான் இருக்கா. அந்த டிரைவர் வேலைக்குத் திருச்சிக்காரன் ஒருத்தன போட்டுட்டாங்களாம். நல்லவனாம், பொஞ்சாதி பிள்ளைகளக் கூட்டிட்டு வந்துட்டானாம். நான் வேண்டாம்னு சொன்னதுதான, எனக்கு ஒண்ணும் இல்ல.

ஆனா ஒரு வருத்தம் உண்டு சார். சொல்லுதேன். முன்னால வெள்ளிக்கிழமைன்னா சாயங்காலம் ஒரு மணி நேரம் பேசுவோம். எல்லா வாரமும். சவாரியில இருந்தாலும் வண்டிய ஓரமா நிறுத்திட்டுப் பேசுவேன். இப்ப வெள்ளிக்கிழம கூப்பிட்டா எடுக்கதே கெடையாது. எடுத்தாலும், ‘மியூசியத்துல இருக்கேன் அத்தான், சத்தம் போடக்கூடாது’ன்னுவா. இல்லன்னா, ‘ரயில்ல இருக்கேன், அப்புறம் பேசுதேன்.’ புதுசா வேலைக்கு வந்த பிள்ளைக ரெண்டு மூணு பேரு, அதுகளக் கூட்டிக்கிட்டு சுத்துதா. போன மாசம் ஏதோ தீவுக்குப் போயிருக்கா. நான் போகாத எடம் அது. மக சொல்லுதா, ‘அப்பா, அம்மா இப்ப நல்லாச் சிரிக்காப்பா.’ சிரிக்கட்டும். நான்தான காட்டிக் குடுத்தேன்? ரயில்ல கார்டு வைக்கத் தெரியாம நின்னவ.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழம, கூட்டம் கொறவா இருந்துச்சு. நான் கன்னியாகுமரியில கடலப் பாத்தாப்புல வண்டிய நிறுத்திட்டு வீடியோவுல கூப்பிட்டேன். உடனே எடுத்துட்டா. படகுல இருக்கா. பின்னால பாட்டு, பிள்ளைக கூச்சல். ‘இருங்க அத்தான், காட்டுதேன் பாருங்க!’ன்னு போனத் திருப்பினா. தண்ணி ஆடுது, கட்டடம் ஆடுது, வெளக்கெல்லாம் கோடு கோடா ஓடுது. அவ பேசுறது மட்டும் கேக்கு. ‘அங்க பாருங்க மோளே, அந்த முட்டைக் கட்டடம்’னு மலையாளத்துல அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுதா. அதுக ‘ஆஹா’ங்குதுக.

நான் சொன்னேன், ‘சுகி, கடல் எனக்கு இங்கயே கெடக்கு. தெனமும் அதத்தான் பாக்குதேன். ஒன் மொகத்தக் கொஞ்சம் திருப்பு.’

அவ திருப்பல சார். கடலத்தான் காட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் கட் ஆயிட்டு.

காத்து அடிச்சிருக்கும், நான் சொன்னது கேட்டிருக்காது. நடுக்கடல்ல காத்து பயங்கரமா இருக்கும் சார், எனக்குத் தெரியும்லா.